சாப்பாட்டு நேரத்தில் திறக்கும் கதவு

பேய் காலைக் கழுவிக்கொண்டு வந்திருந்தது.

வத்தலுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "அண்ணி, நம்ம வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களே செருப்போட கூடத்துக்குள்ள வர்றாங்க. இது காலை அலம்பிட்டு வந்திருக்கு. நல்ல குடும்பத்துப் பேய்தான் போலிருக்கு."

அண்ணி புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய ஆப்பரேஷன் தியேட்டர் அது. பூட்டிப் பல வருஷம் ஆகியிருந்தது. நடுவில் பெரிய விளக்கு ஒன்று, உரித்துப்போட்ட கண் மாதிரி உத்தரத்திலிருந்து தொங்கியது. பச்சை ஓடு பதித்த சுவர்களில் பாதி ஓடுகள் உதிர்ந்துவிட்டன. மேலே கண்ணாடி உடைந்த ஜன்னல் ஒன்றில் புறாக்கள் குடியேறிக் குஞ்சு பொரித்திருந்தன. தரையெங்கும் தூசி மெத்தை போலப் படிந்திருந்தது. அந்தத் தூசியில், பின்வாசல் கதவருகே தொடங்கி விளக்குக்கு நேர் கீழே வரைக்கும் காலடிகள். ஈரக் கால் பதிந்து, காய்ந்து, அச்சாக நின்றுவிட்ட காலடிகள்.

விளக்குக்குக் கீழே வந்ததும் அவை நின்றுவிட்டன. திரும்பிப் போன தடம் இல்லை.

வத்தலின் நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டும் உடம்பில் ஒட்டாததால் ஊரே அவனை வத்தல் என்றது. அண்ணி என்பவள் அவனுடைய அண்ணன் மனைவி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். அதை விட்டுவிட்டு, டயர் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்துத் துப்பறியும் தொழில் நடத்துகிறாள். அண்ணனுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. வேலையில்லாத தம்பியையாவது வீட்டைவிட்டு வெளியே அனுப்பினாளே என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

அன்று காலை ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரே போன் பண்ணியிருந்தார். இந்தத் தியேட்டரை இடித்து ஸ்கேன் அறை கட்டப் போகிறார்கள். ஸ்கேன் மெஷின் கிளம்பி வந்துகொண்டிருக்கிறது. ஆனால் கான்ட்ராக்டரின் ஆட்கள் முன்கதவுப் பூட்டை உடைத்ததோடு சரி, கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். உள்ளே ஒரு பெண் அழுகிறாள், ஈரக் காலோடு நடக்கிறாள், கதவு தானாகத் திறக்கிறது என்று மூன்று புகார்.

"எனக்குப் பேய் பிசாசுல எல்லாம் நம்பிக்கை கிடையாது மேடம்," என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். "எவனோ வேலையை நிறுத்தப் பாக்கறான். ஸ்கேன் எடுக்க ஊருக்கு அந்தப் பக்கம் போற வழியில ஆம்புலன்ஸ்லயே எத்தனை பேர் உயிர் போயிருக்கு தெரியுமா? நாளைக்குக் காலையில சுவர் இடிச்சாகணும். ஆளைப் பிடிச்சுக் குடுங்க."

அண்ணி தலை நிமிர்ந்தாள். "என் மூக்கு சளி பிடிச்ச மூக்கு. நீ மோந்து பாரு."

"எதை?"

"காலடியை."

"அண்ணி, அண்ணன் என்னை உங்ககிட்ட அனுப்பினப்போ வேலை கிளார்க் வேலைன்னாரு. நாய் வேலைன்னு சொல்லவே இல்ல." முனகிக்கொண்டே மண்டியிட்டு முகர்ந்தான். "தரை துடைக்கிற மருந்து வாசனை. வெளிய தாழ்வாரத்துல அடிக்குதே, அதே தான்."

"அதோ மூலையில என்ன இருக்கு?"

"சுண்ணாம்பு மூட்டை. மூட்டை மூட்டையா இருக்கு."

"ஒருத்தரை மிரட்டணும்னா நீ என்ன பண்ணுவ? ராத்திரி ஒரு மூட்டையைப் பிரிச்சுக் கொட்டி, அதுல வெள்ளை வெளேர்னு கால் வெச்சுட்டுப் போவ. சுலபம். பாக்கவும் பயங்கரமா இருக்கும். இந்தப் பேய் அதைத் தொடவே இல்ல. வாளியில தண்ணி கலந்து, காலை நனைச்சு நடந்திருக்கு. திரும்பிப் போகும்போது கால் வெச்ச இடத்துலயே கால் வெச்சு, பின்னாலயே போயிருக்கு பாரு, குதிகால் ரெண்டு தடவை அழுந்தியிருக்கு."

"சுத்தபத்தமான பேய். அதைத்தானே நானும் சொன்னேன்."

"சுத்தம் இல்லடா. பயம். நனைஞ்ச கால் தூசியைக் கிளப்பாது." அண்ணி எழுந்து முட்டியைத் தட்டப்போனாள், ஏதோ நினைத்துக்கொண்டு கையை நிறுத்திக்கொண்டாள். "ஆளுங்களைப் பயமுறுத்த வந்த பேய், தூசியைக் கண்டு பயப்படுது."

வத்தல் சுற்றுமுற்றும் பார்த்தான். ஜன்னலில் ஒரு புறா தொண்டைக்குள்ளேயே உறுமியது. மத்தியான வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தும் அண்ணிக்குப் பக்கமாக ஓர் அடி நகர்ந்துகொண்டான்.

தியேட்டரின் முன்கதவு தள்ளினால் இரண்டு பக்கமும் ஆடும் இலேசான கதவு. அதைத் தாண்டினால் குறுகலான தாழ்வாரம். தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, ரத்தப் புற்றுநோய் வார்டு.

வார்டுக்குள் வெளியாட்கள் போகக்கூடாது. மருந்தின் வேகத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி முழுவதும் வடிந்துபோனவர்கள் எட்டுப் பேர் உள்ளே இருந்தார்கள். நமக்கு ஒரு தும்மலோடு போகும் கிருமி அவர்களைக் கொண்டுபோய்விடும். அதனால் பார்க்க வருபவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று, சுவரில் மாட்டியிருக்கும் போனில்தான் பேச வேண்டும்.

கண்ணாடிக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் இருந்தார். முப்பது வயதுதான் இருக்கும். தலையில் கம்பளிக் குல்லா. அண்ணி போனை எடுத்ததும் அவரும் எடுத்தார்.

"பேயைப் பத்தி விசாரிக்க வந்தவங்களா? சிஸ்டர் சொன்னாங்க." குரல் காகிதம் போல இருந்தது. "எனக்கு அழுகை எல்லாம் கேட்டதில்லை. ஆனா அவங்க வருவாங்க."

"யாரு?"

"தெரியாது. சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவாங்க. முதல்ல அந்தப் பக்கத்துக் கதவு தானாத் திறக்கும், இங்கேர்ந்து தெரியும். அப்புறம் எங்க வாசல் திரை உள்பக்கமா உப்பும். யாரோ நுழையற மாதிரி. அப்புறம் முதல் கட்டில் திரை அசையும், அடுத்தது, அடுத்தது. ஒவ்வொரு கட்டில்கிட்டயா நின்னு பாத்துட்டுப் போறாங்க." டீச்சர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரு வாசனை வரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தா வருமே, ஈரச் சுவரும் புறாக்கூடும் கலந்த மாதிரி. பக்கத்துக் கட்டில்காரங்க அது செத்தவங்க வாசனைன்றாங்க. நான் கணக்கு டீச்சர். எனக்கு இதெல்லாம் நம்பப் பிடிக்கல. ஆனாலும் திரை என் கட்டில்கிட்ட வர்றப்போ கண்ணை மூடிக்கறேன்."

அண்ணி போனை மாட்டினாள். அதில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்த வத்தல் தியேட்டர் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வர்ற பேய்," என்றான் மெதுவாக. "அண்ணி, என்மேல சந்தேகப்படாதீங்க. நான் இன்னைக்குத்தான் இந்த ஆஸ்பத்திரியைப் பார்த்ததே."

சிரிப்பு வரவில்லை, அவனுக்கே.

அந்த நேரம் வார்டின் பெரிய சிஸ்டர் தாழ்வாரத்தில் வந்தார். தடித்த கண்ணாடி, நரைத்த கொண்டை, கையில் சோப்பு வாசனை. இருவரையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு நடந்தார். அண்ணியின் குரல் திடீரென்று உயர்ந்தது.

"டேய், ஒரு தொடப்பத்தைப் பாரு. தியேட்டர்ல இருக்கிற தூசியை எல்லாம் ஒரே பெருக்கா பெருக்கித் தள்ளு. கதவை நல்லாத் திறந்து வெச்சுக்கோ. அடியில ஏதாவது தடயம் கிடைக்குதான்னு பாப்போம்."

பெரிய சிஸ்டரின் நடை ஒரு கணம் தடுமாறியது. பிறகு வேகமாகப் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

தியேட்டருக்குள் வந்ததும் அண்ணி அவன் காதருகே சொன்னாள். "தொடப்பத்தைத் தூக்கு. தரையில படக்கூடாது. பட்டுச்சு, உன்னை உங்க அண்ணன்கிட்டயே திருப்பி அனுப்பிடுவேன்."

வத்தல் துடைப்பத்தைத் தலைக்கு மேல் தூக்கி நின்றான். ஒரு சிலைக்கு உரிய கம்பீரத்தோடு நிற்பதாக அவனுக்கு நினைப்பு. கை வலிக்கத் தொடங்கும் முன்பே பின்வாசல் பூட்டு கடகடத்தது. அந்தப் பூட்டின் சாவி தொலைந்துபோய் எத்தனையோ காலமாகிறது என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்.

கதவு திறந்தது. "பெருக்காதே! தம்பி, கீழ போடு அதை! போடாதே, போடாதே, அப்படியே வை!"

பெரிய சிஸ்டர் மூச்சிரைக்க நின்றார். கையில் சாவி.

"வாங்க சிஸ்டர்," என்றாள் அண்ணி, மிகவும் மென்மையாக. "காலை நனைச்சுக்காம வந்துட்டீங்க."

சிஸ்டர் சாவியைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார், விஷயம் புரிந்ததும் அங்கே கிடந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மறுக்கவில்லை.

"போன தடவை இந்தத் தாழ்வாரச் சுவரைத்தான் உடைச்சாங்க," என்றார். "குழாய் மாத்தறதுக்கு. ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டாங்க, அவ்வளவுதான். பழைய சுவத்துத் தூசியில பூசணம் இருக்கும்மா. நம்ம நுரையீரல் அதைத் துப்பிடும். அவங்களுக்குத் துப்பத் தெம்பு இல்ல. உள்ள போய் முளைச்சிடும். சுவர் உடைச்சு முடிச்ச கொஞ்ச நாள்ல ஒருத்தர் ஒருத்தரா காய்ச்சல், இருமல். ஒரு பஸ் கண்டக்டர், விசிலடிச்சுத்தான் என்னைக் கூப்பிடுவார். ஒரு காலேஜ் பையன். கைக்குழந்தையை வீட்டுல விட்டுட்டு வந்த ஒரு பொண்ணு. நாலாவதா வந்தவர் பேசவே மாட்டார். நாலு பேரும் போய்ச் சேந்துட்டாங்க. நோய் முத்திடுச்சுன்னு வீட்டாருக்குச் சொல்லி அனுப்பிட்டாங்க. நான் தூசின்னேன். யாரும் காதுல போட்டுக்கல."

"இந்தத் தடவையும் சொன்னீங்களா?"

"பெரிய டாக்டர்கிட்ட நடையா நடந்தேன். இடிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை சுத்திப் பாருங்க சார், யாரு பக்கத்துல இருக்காங்க, தூசி எங்க போகும்னு பாருங்கன்னேன். போன தடவையும் ஷீட் கட்டினோமே சிஸ்டர்னாரு. வேற வழி தெரியல. ஆளுங்க பயந்து ஓடினா வேலை நிக்கும்னு நினைச்சேன்."

"அழுதது?"

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "முதல் நாள் நடிக்கலாம்னுதான் வந்தேன். இங்க வந்து நின்னதும் நடிக்கத் தேவைப்படல."

வத்தல் துடைப்பத்தை ஒரு குழந்தையைப் படுக்க வைப்பது போலச் சுவரோரம் சாய்த்தான். கேஸ் முடிந்தது என்றுதான் நினைத்தான். பேயும் கிடைத்துவிட்டது, ஸ்டூலில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குப் போனால் சூடாகச் சாப்பிடலாம்.

"ஆனா கதவு நான் இல்ல," என்றார் சிஸ்டர்.

"என்னது?" என்றான் வத்தல்.

"காலடி நான். அழுகை நான். கதவை நான் தொட்டதே இல்ல தம்பி. அது திறக்கிறப்போ நான் வார்டுக்குள்ள சாப்பாடு பரிமாறிட்டு இருப்பேன். சத்தியமா சொல்றேன், கையில கரண்டியோட நின்னு பாத்திருக்கேன்." குரலைத் தாழ்த்தினார். "அது அவங்கதான். நான் பொய்யா ஒரு பேயைக் கொண்டுவந்தேன். நிஜமானவங்க கோவிச்சுக்கிட்டு வந்துட்டாங்க. நாலு பேரும் சாப்பாடு இறங்காம செத்தவங்க. அதான் அந்த நேரத்துக்கு வர்றாங்க."

அண்ணியின் முகத்தில் வத்தல் முதல் தடவையாக ஒரு கலக்கத்தைப் பார்த்தான். அது அவனுக்குப் பேயைவிடப் பயமாக இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் எவர்சில்வர் மூடிகள் மோதிக்கொள்ளும் ஓசை கேட்டது. வார்டின் கடைசியில் இருக்கும் சின்னச் சமையல் அறைக்கு, வேறொரு லிஃப்ட் வழியாகச் சாப்பாடு வந்து இறங்குகிற சத்தம். சின்ன நர்ஸ்கள் பேசிக்கொள்வதும் லேசாகக் கேட்டது.

மூவரும் முன்கதவையே பார்த்தார்கள்.

முதலில் புறா இறகு ஒன்று தரையில் நகர்ந்தது. பிறகு தியேட்டரின் முன்கதவு, யாரோ உள்ளங்கையை வைத்துப் பதமாகத் தள்ளியது போல, தாழ்வாரத்தை நோக்கித் திறந்தது. திறந்தபடியே நின்றது. வெளியே யாருமில்லை. எதிரே வார்டுக் கண்ணாடிக்குள் வாசல் திரை உள்பக்கமாக உப்பிக்கொண்டு எழுந்தது. டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொள்வது தெரிந்தது.

வத்தல், தான் அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருப்பதை வெகு நேரம் கழித்துத்தான் உணர்ந்தான்.

"விடுடா புடவையை," என்றாள் அண்ணி. "என்ன சாப்பாடு இன்னைக்கு?"

"என்ன அண்ணி கேக்கறீங்க, உயிர் போற நேரத்துல..."

"நீ தெருமுனையில திரும்பறப்பவே வீட்டுல என்ன குழம்புன்னு சொல்றவன். பத்தடி தூரத்துல எட்டுப் பேருக்குச் சாப்பாடு திறந்து வெச்சிருக்காங்க. மோந்து பாத்துச் சொல்லு. என்ன சாப்பாடு?"

வத்தல் மூச்சை இழுத்தான். இன்னொரு தடவை இழுத்தான். தாழ்வாரத்துக்குப் போய், வார்டுக் கதவின் கீழிடுக்கில் மூக்கை வைத்தே இழுத்தான். எழுந்து நின்றபோது முகம் மாறியிருந்தது.

"ஒண்ணும் வரல அண்ணி. சோத்து வாசனைகூட இல்ல. வெறும் புறா எச்சம்."

"புறா எச்சம் அவங்களுக்கும் வருது. உள்ள இருக்கிற டீச்சருக்கு." அண்ணி கைப்பையைத் திறந்து, சளிக்காக வைத்திருந்த மெல்லிய காகிதக் கைக்குட்டையில் ஒரு கீற்றைக் கிழித்தாள். "இங்க இருக்கிற வாசனை அங்க போகுது. அங்க இருக்கிற வாசனை இங்க வர மாட்டேங்குது. பேய்க்கு வாசனையை ஒரு பக்கமாத் தூக்கிட்டுப் போகத் தெரியுமா? சிஸ்டர், இந்த வார்டுக்குள்ள காத்து எந்தப் பக்கம் போகணும்?"

"வெளிய. எப்பவும் வெளியதான்." சிஸ்டர் எழுந்து வந்திருந்தார். "மேல மெஷின் இருக்கு. வடிகட்டின காத்தை உள்ள தள்ளிட்டே இருக்கும். கதவைத் திறந்தா உள்காத்து வெளிய போகணும். வெளிக்காத்து உள்ள வரக்கூடாது."

அண்ணி குனிந்து, கதவின் கீழிடுக்கருகே கீற்றைப் பிடித்தாள்.

அது வெளியே பறக்கவில்லை. ஏதோ ஒன்று நாக்கை நீட்டிச் சப்புவது போல, வார்டுக்குள் இழுபட்டு, படபடவென்று அடித்துக்கொண்டது.

"அந்த மெஷின் தள்ளறதை விட வேகமா உள்ளேர்ந்து எதுவோ இழுக்குது," என்றாள் அண்ணி. "இந்தத் தியேட்டர் காத்து மொத்தமும் தாழ்வாரத்தைத் தாண்டி உள்ள போகுது. வழியில இருக்கிற இலேசான கதவு திறக்குது. திரை உப்புது. நாளைக்கு இங்க கடப்பாரை விழுந்தா அவ்வளவு தூசியும் நேரா எட்டுக் கட்டிலுக்குத்தான் போகும். சிஸ்டர், சாப்பாடு வந்ததும் வார்டுல எதையாவது மாத்துவீங்களா? கதவு, ஜன்னல்?"

"ஜன்னலே கிடையாதும்மா. ஒண்ணும் மாத்த மாட்டோம். சாப்பாட்டு வாசனை அவங்களுக்குக் குமட்டும், பாவம், மருந்து அப்படி. அதனால சமையல் ரூம்ல ஃபேனை மட்டும்..."

பெரிய சிஸ்டர் அங்கேயே நிறுத்திவிட்டார்.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வத்தல் கீழே பார்த்தான்.

"என் தம்பிதான் மாட்டிக் குடுத்தான்," என்றார் சிஸ்டர். "மூடிப்போன ஓட்டல் கிச்சன்லேர்ந்து கழட்டினது. பெரிய ஃபேன். அந்தக் கைக்குழந்தைக்காரி, ஒரு வாய் தண்ணிகூட இறங்காம வாந்தி எடுத்துட்டே இருந்தா. ஃபேன் கேட்டா மேல இருக்கறவங்க பாக்கலாம் பாக்கலாம்னாங்க. நானே மாட்டிட்டேன். அன்னைக்கு அவ சாப்பிட்டா. எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?" குரல் உடைந்தது. "அதுக்கு அடுத்த வாரம்தான் சுவரை உடைச்சாங்க."

கதவிடுக்கில் காகிதம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

சிஸ்டர் வார்டுக்குள் போனார். கையைக் கழுவினார், முகமூடி கட்டினார், எல்லாவற்றையும் நிதானமாகச் செய்தார். கண்ணாடி வழியே அவர் கட்டில்களைத் தாண்டிக் கடைசி அறைக்குப் போவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் காகிதக் கீற்று துவண்டு விழுந்தது. பிறகு மெல்ல எழும்பி, வத்தலின் காலை நோக்கி ஆடியது. தியேட்டர் கதவு தானாகப் போய் மூடிக்கொண்டது. சோறும் பருப்பும் வேகவைத்த காய்கறியும் சேர்ந்த வாசனை தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாப்பாட்டு வாசனைக்கு வத்தல் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

பெரிய டாக்டர் வந்தபோது அண்ணி பேயைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. ஃபேனைப் போடச் சொல்லிக் காகிதத்தைக் காட்டினாள், நிறுத்தச் சொல்லிக் காட்டினாள். டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிரும்போது கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

"இன்னொரு தடவை பிடிங்க," என்றார். மறுபடியும் அதே.

"இது எங்க வேலை இல்ல சார்," என்றாள் அண்ணி. "ஆனா கேக்கறேன். இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு படுத்திருக்காங்க, மேல மாடியில யாரு, கீழ யாரு, உடைக்கிற மண் எந்த வழியா வெளிய போகும், ஆளுங்க காலு எந்தத் தாழ்வாரத்தை மிதிக்கும், இதையெல்லாம் யாராவது நடந்து பாத்தாங்களா?"

"ஷீட் கட்ட ஏற்பாடு பண்ணியிருந்தோம்."

"காத்து ஷீட்டைப் பாத்து மரியாதை குடுக்கும்னு நினைச்சீங்க," என்றான் வத்தல். அண்ணி முறைக்கவில்லை.

"ஈரக் காலோட நடந்தது நான்தான் சார்," என்று குரல் கேட்டது. சிஸ்டர் முகமூடியைக் கழற்றியபடி வெளியே வந்திருந்தார். "அந்த ஃபேனும் நான்தான். போன தடவை போன நாலு பேர் வீட்டுலயும் இதைச் சொல்லணும்."

டாக்டர் திடுக்கிட்டார். "சிஸ்டர், அவங்களுக்கு நோய் இருந்துச்சு. ஃபேன்தான்னு நிரூபிக்க முடியாது. இப்ப அதைக் கிளறி என்ன ஆகப்போகுது?"

"கிளறாம விட்டதாலதான் சார் மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நிக்கறோம்."

"சிஸ்டர்," என்றாள் அண்ணி, "ஃபேன் யாரையும் கொல்லல. பாக்காம உடைச்சாங்களே, அதுதான்."

"ஆறுதல் சொல்லாதீங்கம்மா. பாக்காம மாட்டினதும் நான்தானே."

எந்தக் கேஸிலும் கடைசி வார்த்தை அண்ணியுடையதாகத்தான் இருக்கும். அன்று அதைச் சிஸ்டருக்கே விட்டுவிட்டு, காகிதக் கீற்றைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் கண்ணாடியருகே போய் வெகு நேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் கான்ட்ராக்டரிடம் நாளை வர வேண்டாம் என்றார். மெஷின் வந்தால் வெளியே கொட்டகையில் நிற்கட்டும் என்றார். எட்டுப் பேரையும் வேறு மாடிக்கு மாற்றும்வரை ஓர் ஓடுகூட உதிரக்கூடாது என்றார். "இன்னைக்கே எட்டுப் பேருக்கும் நெஞ்சு ஸ்கேன் எடுத்தாகணும்," என்று சேர்த்துச் சொன்னவர், அதற்கு எங்கே போக வேண்டும் என்பது நினைவுக்கு வந்து ஒரு கணம் நின்றார். "ஆம்புலன்ஸ் எடுங்க. டாக்டர் கூடவே போகட்டும். நானே போறேன்."

சிஸ்டரின் பக்கம் திரும்பினார். "உங்க விஷயத்தை நாளைக்குப் பேசுவோம்," என்றார். அது மிரட்டலா, அவகாசமா என்று வத்தலுக்குப் புரியவில்லை. சிஸ்டருக்கு அது முக்கியமாகவும் படவில்லை. அவர் ஏற்கெனவே கை கழுவிக்கொண்டிருந்தார்.

அண்ணி படியிறங்கப் போனாள். வத்தல் மட்டும் கண்ணாடியருகே நின்றுவிட்டான்.

உள்ளே ஃபேன் நின்று போனதால் சாப்பாட்டு வாசனை கட்டில் கட்டிலாகப் பரவியிருக்க வேண்டும். டீச்சர் தட்டைத் தள்ளிவிட்டுப் புறங்கையால் மூக்கை மூடிக்கொண்டிருந்தார். பெரிய சிஸ்டர் போய், நர்ஸ்கள் ஒருபோதும் செய்யாத காரியமாகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கினார். போன் கொக்கியில் தொங்கியது, வத்தலுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. சிஸ்டர் ஒரு தடவை கடைசி அறைப் பக்கம் கை காட்டினார். ஒரு தடவை தியேட்டர் பக்கம் காட்டினார். அதற்குப் பிறகு தலை குனிந்தபடியேதான் பேசினார்.

டீச்சர் கையை உருவிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் டீச்சருக்குக் குமட்டித் தோள் குலுங்கியது. சிஸ்டர் சட்டென்று வாந்திக் கிண்ணத்தை எடுத்துத் தாடைக்குக் கீழே பிடித்து, இன்னொரு கையால் கம்பளிக் குல்லாவுக்குப் பின்னால் தலையைத் தாங்கினார். டீச்சர் வாந்தி எடுத்து முடிக்கும்வரை அந்தக் கையை விலக்கச் சொல்லவில்லை.